எம்டன் துப்பாக்கியும் பாளையங்கோட்டைப் பட்டாளமும்

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் கடிதம். துறைமுகத்தில் வேலை. 'அண்ணாச்சி' என்று ஆரம்பித்து நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். மச்சினன் அமெரிக்காவில், டெக்ஸஸில் இருக்கிறானாம். அங்கே ஏதோ துப்பாக்கிக் கண்காட்சியில் பழைய ஜெர்மன் ராணுவ ரைஃபிள் ஒன்றைப் பார்த்திருக்கிறான். பக்கத்திலேயே ஒரு அட்டை: எம்டன் கப்பலில் இருந்தது. அந்த அட்டைக்காகவே விலையை ஏகத்துக்கு ஏற்றிச் சொல்கிறார்கள். 'நம்ம கடல்ல சுத்துன கப்பலாச்சே, வாங்கிப் போட்டுருவமான்னு கேக்கான். நீங்க என்ன சொல்றீய?' என்று முடித்து, நாலு போட்டோவும் இணைத்திருக்கிறார்.

போட்டோ தெளிவாக இருக்கிறது. ரைஃபிளின் ரிசீவர் வளையத்தின் மேல் பி, ஒய், எஃப் என்று மூன்று ஆங்கில எழுத்து. அதன் கீழே 43. போதும். மீதி மூன்று போட்டோவைப் பார்க்காமலே எம்டனைக் கரை ஏற்றிவிடலாம். ஆனாலும் பார்த்தேன். சுவாரசியம் அங்கேதான் இருந்தது.

முதலில் கப்பல். தமிழில் 'அவன் எம்டன்டா' என்று சொல்லாத தலைமுறை இப்போதுதான் வந்திருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு, மணி ஒன்பதரை இருக்கும். கார்ல் ஃபோன் முல்லர் என்ற கேப்டன் தன் குரூசரைச் சென்னைக் கடற்கரைக்கு எதிரே நிறுத்தி நூறு குண்டுக்கு மேல் போட்டார். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, விளக்கை அணைத்துக்கொண்டு தெற்கே போய்விட்டது கப்பல். ஊரில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். எம்டன் அடுத்த சில நாட்களில் இலங்கையைச் சுற்றிக்கொண்டு கொழும்பு விளக்கு தெரிகிற தூரத்தில் சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. தூத்துக்குடிக்குக் கொழும்பு பக்கத்து வீடு. தோணி போய் வருகிற ஊரில் இந்தக் கதை எப்படிப் பரவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு ஜெர்மன் ஊரின் பெயர் தமிழில் கெட்டிக்காரப் போக்கிரிக்கு அடைமொழி ஆயிற்று. 2006-ல் 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்த சினிமா, தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு என்றதும் 'எம் மகன்' ஆனது தனிக் காமெடி. எம்டன் தமிழ் இல்லை என்று சர்க்கார் சொன்னால் நம்பவா முடிகிறது?

அந்தக் கப்பலின் ரைஃபிள்கள் எங்கே போயின? இது கண்டுபிடிக்க முடியாத மர்மம் இல்லை. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் கேபிள் நிலையத்தை உடைக்க 50 பேரைக் கரையில் இறக்கினார் முல்லர். தலைவர், லெஃப்டினென்ட் ஹெல்முத் ஃபோன் மியூக்கே. கையில் 4 மெஷின் கன், 29 ரைஃபிள், கொஞ்சம் கைத்துப்பாக்கி. அவர்கள் கரையில் இருக்கும்போதே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற குரூசர் வந்து எம்டனை அடித்து நொறுக்கிவிட்டது. முல்லர் கப்பலைப் பவளப்பாறை மேல் ஏற்றினார். கரையில் மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமோ? அங்கே கிடந்த ஆயிஷா என்ற ஓட்டைப் பாய்க்கப்பலை எடுத்துக்கொண்டு சுமத்ராவுக்குப் போய், வேறு கப்பல் மாறி, ஏமனில் இறங்கி, பாலைவனத்தில் சண்டை போட்டு, 1915 மே மாதம் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தார்கள். எம்டன் ரைஃபிளுக்கு ஆக மூன்று வழிதான். இஸ்தான்புல், கடலடி, அல்லது சிதைவிலிருந்து ஆஸ்திரேலியர்கள் எடுத்துப்போன ஞாபகப் பொருட்கள். அதன் பீரங்கி ஒன்று இன்றும் சிட்னி ஹைட் பார்க்கில் நிற்கிறது.

இந்த மூன்றில் எந்த வழியில் டெக்ஸஸ் வந்திருந்தாலும், அது மச்சினன் பார்த்த துப்பாக்கி இல்லை. போட்டோவில் இருப்பது கராபினர் 98 கே. சுருக்கமாக கே98. ஜெர்மன் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது 1935-ல். எம்டன் காலத்து ரைஃபிள் அதன் அண்ணன், 1898-ல் வந்த கெவேர் 98. அண்ணன் 125 சென்டிமீட்டர் நீளம், தம்பி 111. பி.ஒய்.எஃப் என்பது ஓபர்ன்டார்ஃப் ஊரிலிருந்த மாசர் தொழிற்சாலையின் ரகசியக் குறி. 43 என்றால் 1943. கப்பல் நொறுங்கி 29 வருஷம் கழித்துப் பிறந்த துப்பாக்கி அந்தக் கப்பலில் எப்படி ஏறும்?

அட்டை பொய். சரி. துப்பாக்கியும் பொய்யா? இரண்டும் வேறு வேறு கேள்வி. நம்ம ஆட்கள் பெரும்பாலும் சேர்த்துக் குழப்பிக்கொள்வது இங்கேதான். கதை பொய் என்றால் பொருளைத் தூக்கிப் போடுவார்கள். பொருள் அசல் என்றால் கதையையும் சேர்த்து நம்புவார்கள்.

தூத்துக்குடிக்காரருக்கு இதை முத்தை வைத்தே சொல்லிவிடலாம். முத்துக்குளிப்புக் காலத்தில் அங்கே முத்தை எடை போடுகிற விதமே தனி. முதலில் பித்தளைச் சல்லடைகள், மொத்தம் பத்து. 20-ம் நம்பர் சல்லடையில் துளை பெரிசு, 1000-ம் நம்பரில் பொடி. சலித்து அளவு பிரித்த பிறகு உருண்டை, நிறம், ஒளி பார்த்து ரகம் பிரிப்பார்கள். ஆணியில் ஆரம்பித்துத் தூளில் முடியும் வரிசை அது. அதற்கும் பிறகுதான் மஞ்சாடிக் கணக்கில் எடை, செவ்வுக் கணக்கில் விலை. இந்த வரிசையில் எந்த இடத்திலும் 'இது எந்த ராணி கழுத்தில் கிடந்தது' என்ற கேள்வி இல்லை பாருங்கள். யார் கழுத்தில் கிடந்தால் என்ன, முத்து அதுதானே.

அப்புறம் ஜப்பான்காரர் மிகிமோட்டோவின் வளர்ப்பு முத்து வந்தது. 1921 வாக்கில் லண்டன் வியாபாரிகள் ஆடிப்போனார்கள். காரணம், வெளித்தோலில் வித்தியாசமே கிடையாது. இரண்டுமே சிப்பி பூசிய பூச்சுதான். வித்தியாசம் உள்ளே இருக்கிறது. வளர்ப்பு முத்தின் நடுவில் மனிதன் வைத்த ஒரு சிப்பி மணி. கோர்க்கத் துளை போட்ட இடத்தில் உள்ளே பார்த்தால் தெரியும், எக்ஸ்ரேயில் தெரியும். தூத்துக்குடியிலேயே 1973-ல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். அதற்குள் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோயிருந்தது, கடைசி 1961. ஆக அந்தக் கரைக்கு அசல், நகல் இரண்டோடும் பழக்கம் உண்டு. துளைக்குள் பார் என்கிற புத்தி அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கே98-க்கும் துளைக்குள் பார்க்கிற வேலைதான். உலகப் போர் முடிவதற்குள் ஒரு கோடிக்கு மேல் செய்து தள்ளினார்கள். எனவே ரைஃபிள் அபூர்வம் இல்லை. தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே இருப்பதுதான் அபூர்வம். அதற்குத்தான் விலை.

நம்பரில் ஆரம்பிக்க வேண்டும். ஜெர்மன்காரன் நம்பர் போடுவதில் ஒரு பைத்தியம். ரிசீவரில், குழலில், போல்ட்டில், தோட்டா அறையின் அடித்தகட்டில், பின்குறியில், கட்டையில் எல்லாம் ஒரே நம்பர். இடம் போதாத சின்ன உருப்படியில் கடைசி இரண்டு எண். ஸ்க்ரூ தலையில்கூடப் போட்டான் மகராசன்! ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒவ்வொரு வருஷமும் 1-லிருந்து ஆரம்பித்து, பத்தாயிரத்தை நெருங்கியதும் ஏ, பி, சி என்று எழுத்து சேர்த்துத் திரும்ப ஒன்றிலிருந்து போகும். அதனால் நம்பரை மட்டும் சொன்னால் பிரயோசனமில்லை. எந்தத் தொழிற்சாலை, எந்த வருஷம், எந்த எழுத்து, மூன்றும் சேர்ந்தால்தான் ஆதார் மாதிரி.

அடுத்தது முத்திரை. ஆயுதத்தைச் சோதித்து வாங்குகிற ராணுவ ஆபீஸ் ஒவ்வொரு உருப்படியிலும் ஒரு சின்னக் கழுகு அடித்து, கீழே ஒரு எண் போடும். ஓபர்ன்டார்ஃபின் எண் 135. அங்கே செய்த ரைஃபிளின் போல்ட்டில் 623 என்று இருந்தால் அது ஆஸ்திரியாவில் ஸ்டயர் தொழிற்சாலைச் சரக்கு. பெண் ஒரு வீடு, தாலி ஒரு வீடு. வாசகர் அனுப்பிய இரண்டாவது போட்டோவில் போல்ட்டின் நம்பர் வேறு, ரிசீவரின் நம்பர் வேறு. அதுவும் போல்ட்டில் இருப்பது அடித்த நம்பர் இல்லை, மின்சாரப் பேனாவால் கீறிய நம்பர். கட்டையில் பளபளவென்று சிவப்பாக ஷெல்லாக்.

இது ஒரு தனி வாழ்க்கை வரலாறு. போரில் சோவியத் படை லட்சக்கணக்கில் இந்த ரைஃபிள்களைப் பிடித்தது. ஆயுதக் கிடங்கில் கொண்டுபோய் எல்லாவற்றையும் பிரித்து, சுத்தம் பண்ணி, கைக்குக் கிடைத்த பாகத்தைப் போட்டு மறுபடி பூட்டி, கட்டைக்கு ஷெல்லாக் அடித்து அடுக்கி வைத்தார்கள். பல ரைஃபிள்களின் ரிசீவரில் பெருக்கல் குறி மாதிரி ஒரு அடையாளம். சோவியத் யூனியன் உடைந்த பிறகு இவை மூட்டை மூட்டையாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன, அடிமாட்டு விலையில். யுகோஸ்லாவியாவும் இதே வேலை செய்தது. இஸ்ரேல்கூட நாஜிகளின் ரைஃபிளை வாங்கி, தாவீதின் நட்சத்திரம் அடித்துத் தன் ராணுவத்துக்குக் கொடுத்தது. இதைவிடப் பெரிய கிண்டல் சரித்திரத்தில் கிடையாது.

பிரச்னை எங்கே என்றால், மலிவாக வந்த இந்த ரைஃபிளை 'அசல் ஜெர்மன்' ஆக்குகிறவர்கள். பெருக்கல் குறியை ராவி எடுக்கிறார்கள். கீறிய நம்பரை அழித்து, புதிதாக அடிக்கிறார்கள். எதிரிகள் சிதைத்துவிட்ட ஸ்வஸ்திகாவைத் திரும்பப் போடுகிறார்கள். பிடிப்பது எப்படி? தொழிற்சாலையில் முதலில் முத்திரை அடித்து அப்புறம் நீலப்பூச்சு ஏற்றுவான், பள்ளத்துக்குள்ளும் பூச்சு இருக்கும். பூச்சுக்கு மேல் பிறகு அடித்தால் பள்ளத்துக்குள் பச்சை இரும்பு மின்னும், ஓரம் தடித்து நிற்கும். அதை மறைக்கத் திரும்ப நீலம் ஏற்றினால் பூச்சுக்கு அடியில் பழைய துருவின் குழிகள் அம்மைத் தழும்பு போல் தெரியும். ராவிய இடம் விரல் வைத்தால் லேசாகத் தாழ்ந்திருக்கும். எழுத்தின் வடிவமும் காட்டிக்கொடுக்கும், ஒரு 4-ன் வாலும் 7-ன் தலையும் போதும். இன்னொன்று, காலப்பொருத்தம். 1944 வாக்கில் ஜெர்மனிக்கு நேரமும் இல்லை, உலோகமும் இல்லை. கடைந்து செய்த வளையங்களுக்குப் பதில் தகட்டை அழுத்திச் செய்த வளையம் வந்தது. அந்த வளையம் 1938 ரைஃபிளில் இருந்தால் பேரனின் சட்டையைத் தாத்தா போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முத்திரையை வாசிக்கிற கண், அது என்ன சொல்கிறது என்று வாசிப்பதில்லை. பி, சி, டி என்ற குறி வைமாரில் இருந்த குஸ்ட்லோஃப் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனி 1943-ல் புக்கன்வால்ட் வதை முகாமை ஒட்டியே ஒரு தொழிற்சாலை போட்டு, கைதிகளை வைத்து ஆயுதம் செய்தது. 1944 ஆகஸ்ட் 24 அன்று நேச நாட்டு விமானங்கள் அதன் மேல் குண்டு போட்டபோது செத்தவர்களில் கைதிகள் நிறையப் பேர். சேகரிப்பாளர்கள் 'பி.சி.டி., எல்லா நம்பரும் பொருந்துகிறது, அருமை' என்று கொண்டாடுகிறார்கள். பொருந்துகிறதுதான். பொருத்தியது யார் கை? சேகரிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அட்டை எழுதுகிறவர்கள் எம்டன் மாதிரி இல்லாத கதையை ஒட்டுவதை விட்டு, இருக்கிற இந்தக் கதையை எழுதலாம் இல்லையா?

மச்சினனுக்குப் பதில் இதுதான்: ரைஃபிள் ஜெர்மன்தான், 1943-ம் சரிதான். ஆனால் சோவியத் கிடங்கு வழியாக வந்த கலவை. அந்த விலைக்குத் தம்பி வாங்கட்டும், எம்டன் விலைக்கு வேண்டாம். வாங்கினாலும் டெக்ஸஸிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஊருக்குக் கொண்டுவந்து வரவேற்பறையில் மாட்டலாம் என்று நினைத்தால் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம் இருக்கிறது. ரிப்பேர் செய்தாலும் சுட முடியாது என்கிற பழம்பொருளுக்குத்தான் அது விலக்குக் கொடுக்கிறது. கே98 நன்றாகவே சுடும்.

எம்டனில் இல்லாத பொருளை ஏற்றுவது டெக்ஸஸ்காரர் மட்டும் செய்கிற காரியமா? நாம் ஒரு ஆளையே ஏற்றியிருக்கிறோம். செண்பகராமன் பிள்ளை. திருவனந்தபுரத்தில் பிறந்த தமிழர். எம்டனில் வந்து சென்னை மேல் குண்டு போட வழிகாட்டினார் என்று மேடையில் கேட்டிருப்பீர்கள். 1914-ல் போர் வெடித்தபோது அவர் சூரிச்சில் இருந்து இந்திய விடுதலைக்கான கமிட்டி நடத்திக்கொண்டிருந்தார். அங்கிருந்து பெர்லின் போனார். எம்டனோ ஜூலை கடைசியில் சீனாவின் சிங்டாவ் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது, ஐரோப்பா பக்கமே போகவில்லை. ஸ்விட்சர்லாந்து ஆள் எந்த ஸ்டேஷனில் ஏறியிருப்பார்? அவர் ஜெர்மனியில் செய்த காரியமே ஒரு மனிதனுக்குப் போதும். அசல் ரைஃபிளுக்குப் பொய் முத்திரை அடித்தால் அதன் மதிப்பு குறையும் என்று எந்தச் சேகரிப்பாளரைக் கேட்டாலும் சொல்வார்.

கதையும் பொருளும் கச்சிதமாகப் பொருந்திய ஒரு சம்பவமும் நம் நாட்டில் உண்டு. எம்டன் சென்னைக்கு வருவதற்கு ஒரு மாதம் முன், 1914 ஆகஸ்ட் 26. கல்கத்தாவில் ரோடா கம்பெனி என்ற துப்பாக்கி வியாபாரிக்குக் கப்பலில் சரக்கு வந்தது. கஸ்டம்ஸிலிருந்து பெட்டிகளை எடுத்து வரப் போன கம்பெனி குமாஸ்தாவே புரட்சிக்காரர்களின் ஆள். மொத்தம் 202 பெட்டியில் 10 பெட்டி வேறு பக்கம் போய்விட்டது. உள்ளே 50 மாசர் பிஸ்டல், 46,000 தோட்டா. அந்த ஓபர்ன்டார்ஃப் மாசர்தான். பிஸ்டலை வைக்கிற மரப்பெட்டியையே கைப்பிடியில் பூட்டித் தோளில் வைத்து ரைஃபிள் போலச் சுடலாம். அடுத்த சில வருஷம் வங்காளத்தை அது ஆட்டிவைத்தது. ஆனால் ஒவ்வொரு பிஸ்டலுக்கும் நம்பர் உண்டு, நம்பரெல்லாம் ரோடா கம்பெனி கணக்கில் ஏறியிருந்தது. போலீஸ் ஒன்றைப் பிடித்ததும் கணக்கை எடுத்து ஒப்பிட்டால் தீர்ந்தது. 1918-ல் ரௌலட் கமிட்டி அறிக்கை எழுதும்போது 31 திரும்பக் கிடைத்திருந்தது. எந்தக் காலத்திலும் 'இது ரோடா மாசர்' என்று ஒருவர் நீட்டினால், அட்டையை நம்ப வேண்டாம், கணக்கு நோட்டைக் கேட்டால் போதும்.

கணக்கு நோட்டே பொய்யாக இருந்தால்? அதுதான் நான் இந்த வாரம் சொல்ல நினைத்தது. துப்பாக்கி வழியாக அங்கே போய்ச் சேர இவ்வளவு நேரம் ஆகிவிட்டது.

எம்டன் கோகோஸில் நொறுங்குவதற்கு ஐந்து நாள் முன்னால், 1914 நவம்பர் 4, கிழக்கு ஆப்பிரிக்காவில் டாங்கா என்ற ஜெர்மன் துறைமுகம். இந்தியாவிலிருந்து சுமார் 8,000 பேர் கொண்ட படை கப்பலில் போய் இறங்குகிறது. எதிரே லெட்டோவ்-ஃபோர்பெக் என்ற ஜெர்மன் தளபதி, ஆயிரம் பேர் வாக்கில். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பினச் சிப்பாய்கள், பலர் கையில் 1871-ம் வருஷ மாடல் ரைஃபிள். ஒரு குண்டு போட்டால் புகை மூட்டம் எழும்பி இருக்கிற இடம் தெரிந்துவிடும். ஆனாலும் ஜெயித்தது அவர்கள். தோற்று ஓடியவர்களில் ஒரு படைப் பிரிவின் பெயர், 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வருகிற அதே பாளையங்கோட்டை.

இந்தத் தோல்வியைப் பற்றி எல்லோரும் எடுத்தாளுகிற புத்தகம் ரிச்சர்ட் மெய்னர்ட்ஸ்ஹாகன் எழுதிய 'ஆர்மி டயரி'. 1960-ல் வந்தது. இவர் அந்தப் படையில் உளவுத்துறை அதிகாரி. எழுத்து நன்றாக இருக்கும், அதை மறுக்க முடியாது. வேகம், கிண்டல், கண்ணெதிரே நடக்கிற மாதிரி வர்ணனை. மதராஸ் சிப்பாய்களைப் பற்றிக் கூசாமல் வசை. ஓடுகிற இந்தியச் சிப்பாயைத் தானே சுட்டதாகப் பெருமை வேறு. பல வருஷமாக ஆங்கிலத்தில் டாங்காவைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இவர் தோளில் கை போட்டுக்கொண்டுதான் எழுதினார்கள்.

ரைஃபிளைப் பார்த்த கண்ணால் இந்த டயரியைப் பாருங்கள். கையால் எழுதிக் கட்டிய நோட்டு இல்லை. டைப் அடித்த உதிரித் தாள்கள், கழற்றி மாட்டத் தோதான கோப்புகளில். ஒரு தாளை உருவி இன்னொன்றைச் செருகினால் யாருக்குத் தெரியும்? போல்ட்டை மாற்றுகிற மாதிரிதான். லாக்மன் என்பவர் 1995-ல், லாரன்ஸ் ஆஃப் அரேபியா பற்றிய பதிவுகள் பல பிற்பாடு செய்து சொருகியவை என்று காட்டினார். 2007-ல் பிரையன் கார்ஃபீல்ட் ஒரு முழுப் புத்தகமே போட்டு, மனிதர் சொன்ன சாகசங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜையில் வைத்தார்.

அதைவிட உறுதியான சாட்சி ஒரு ஆந்தை. மெய்னர்ட்ஸ்ஹாகன் பெரிய பறவை நிபுணர் என்று பேர் வாங்கியவர். ஆயிரக்கணக்கில் பாடம் செய்த பறவைகளை லண்டன் மியூசியத்துக்குக் கொடுத்தார். ஆனால் அதே மியூசியம் அனுமதியில்லாமல் பறவைகளை எடுத்துப் போனார் என்று 1919-ல் அவரை உள்ளே விடாமல் வைத்திருந்தது. 1993-ல் ஆலன் நாக்ஸ் சந்தேகம் கிளப்பினார். பிறகு பமேலா ராஸ்முசன் காட்டுச் சிற்றாந்தை ஒன்றை எடுத்துப் பார்த்தார். மத்திய இந்தியாவில் 1884-க்குப் பிறகு யாரும் பிடிக்காத பறவை. மெய்னர்ட்ஸ்ஹாகன் மட்டும் 1914 அக்டோபரில் குஜராத்தில் மாண்ட்வியில் பிடித்ததாகச் சீட்டு கட்டியிருந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே அடைத்த பஞ்சு, எலும்பைக் கட்டிய விதம், தையல் எல்லாம் 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்ற அதிகாரி செய்கிற பாணி. மியூசியத்தில் திருடி, பிரித்து, புதிதாக அடைத்து, தன் பெயரில் சீட்டு மாட்டியிருக்கிறார் மனிதர். முத்தின் துளைக்குள் பார்த்த மாதிரி ஆயிற்று. அந்தச் சீட்டை நம்பி வெகுகாலம் ஆந்தையைக் குஜராத்திலும் தேடியிருக்கிறார்கள். அதைக் குப்பையில் போட்டுவிட்டு உண்மையான சீட்டுகள் சொன்ன இடத்தில் தேடினார் ராஸ்முசன். 1997 நவம்பரில் மகாராஷ்டிராவில் ஷஹாதா பக்கத்தில் ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது.

தேதியைக் கவனித்தீர்களா? ஆந்தைப் பொய் 1914 அக்டோபர். டாங்காவுக்குப் போன படை பம்பாயில் கப்பல் ஏறியது அதே அக்டோபர் 16. ஒரே ஆள், ஒரே மாதம். ஆந்தைச் சீட்டைக் கிழித்தோம். பாளையங்கோட்டைக்காரன் மேல் கட்டிய சீட்டை என்ன செய்வது?

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். டயரி முழுவதும் போலி, ஆகவே நம்ம ஆட்கள் ஓடவே இல்லை என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. அது மேடைப் பேச்சு. செண்பகராமனைக் கப்பலில் ஏற்றுகிற அதே வேலை. பாளையங்கோட்டைப் பட்டாளம் அன்றைக்குக் கலைந்து ஓடியது என்பதற்கு மெய்னர்ட்ஸ்ஹாகன் தேவையில்லை. ஆவணங்களை வைத்து 1941-ல் வெளிவந்த பிரிட்டிஷ் அதிகாரபூர்வ வரலாறும் அதையே சொல்கிறது. அந்த நம்பர் பொருந்துகிறது. பொருந்தாதது மற்ற பாகங்கள். 'இந்த ஜாதி ஆட்களுக்கு வீரம் கிடையாது' என்கிற தொனி, தான் ஒருவனே நிலைத்து நின்ற மாதிரி வரும் காட்சிகள், தான் சுட்டதாகச் சொல்கிற பிணங்கள். இவையெல்லாம் பிற்பாடு அடித்த முத்திரையாக இருக்கலாம் என்று வைத்தே படிக்க வேண்டும். அவர் ஒருவர் மட்டும் சொல்கிற எதையும் சேர்க்கக் கூடாது.

டயரியை நகர்த்தி வைத்தால் மிச்சமிருக்கிற உண்மைகள் வேறு கதை சொல்கின்றன. முதல் நாள் ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பல் டாங்காவுக்குள் போய், தாக்கப் போகிறோம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தது. எதிரி ரயிலில் ஆள் கொண்டுவர நேரம் கொடுத்தார்கள். சிப்பாய்கள் இரண்டரை வாரம் கப்பலில் வாந்தி எடுத்துக் கிடந்தவர்கள். இறங்கியதோ சதுப்பும் புதரும். நவம்பர் 3 அன்றே 13-வது ராஜபுத்திரர் படையும் 61-வது பயனியரும் அடி வாங்கித் திரும்பியிருந்தன. ராஜபுத்திரர் வீர ஜாதி என்று பட்டியலில் முதலில் இருந்தவர்கள், அவர்களும் திரும்பினார்கள். சண்டை நடுவே மரத்திலிருந்த தேனீக் கூடு கலைந்து இரண்டு பக்கத்தையும் கொட்டியது. ஜெர்மன்காரன் தேனீயை ஏவிவிட்டான் என்று லண்டனில் எழுதினார்கள்! முடிவில் லெட்டோவ்-ஃபோர்பெக்குக்குக் கிடைத்தது, அவரே எழுதியபடி, மூன்று கம்பெனிக்குப் போதுமான நவீன ரைஃபிள், 6 லட்சம் தோட்டா, 16 மெஷின் கன்.

மதராஸ் சிப்பாய் லாயக்கில்லை என்பது டாங்காவில் முளைத்த அபிப்பிராயமும் இல்லை. 1880-களில் மதராஸில் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு அப்போதிருந்தே சொல்லி வந்தார். அதன்படி தென்னாட்டுப் படைகளைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். குறைத்ததை நியாயப்படுத்த ஒரு சாட்சி வேண்டியிருந்தது, டாங்கா கிடைத்தது. 1920-களில் மதராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் மதராஸ் ரெஜிமென்ட்டை மறுபடி உயிர்ப்பித்தார்கள்.

இன்னொரு விவரம், துப்பாக்கியைப் பற்றியது. டாங்காவுக்குப் போன இந்தியப் பிரிவுகள் சிலவற்றுக்குக் கப்பல் ஏறுகிற சமயத்தில்தான் புது மாடல் லீ-என்ஃபீல்ட் ரைஃபிள் கொடுத்தார்கள். பழகிப் பார்க்க மைதானம் இல்லை, நேரமும் இல்லை. மெஷின் கன்னும் அப்படியே. ஜெர்மனிக்காகச் சண்டை போட்ட ஆப்பிரிக்கச் சிப்பாயின் கையில் இருந்தது நாற்பது வருஷத்துப் பழைய, புகை கக்குகிற துப்பாக்கி. ஆனால் அதை அவன் வருஷக்கணக்கில் சுட்டுப் பழகியிருந்தான்.